இரண்டாவது தோட்டா

துப்பாக்கி வாங்க விழுப்புரத்துக்குப் போகிறேன் என்றதும் தோட்டத்து ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். மதராசில் கிடைக்காததா, கோயமுத்தூரில் கிடைக்காததா என்றார்கள். கிடைக்கும். கொக்கு அடிக்கவும் பன்றி அடிக்கவும் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். யானையை நிறுத்துகிற துப்பாக்கி கடைக் கண்ணாடிக்குள் இருக்காது. எப்போதோ யாரோ வாங்கி, அவர் செத்து, வீட்டு அலமாரியில் கிடக்கும். தேடித்தான் போகவேண்டும்.

எங்கள் ஆனைமலைத் தோட்டத்தில் அந்த வருஷம் ஒரு கொம்பன் கெட்டுப்போயிருந்தது. கொழுந்து கிள்ளப் போன இரண்டு பெண்களையும் காவல்காரர் ஒருவரையும் கொன்றது. அதைச் சுடச் சொல்லி கலெக்டர் உத்தரவு போட்டார். சுடவேண்டிய ஆள் என் தங்கையின் கணவர். நாங்கள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைக்காரத் துரைகளோடு காடு சுற்றிப் பழகியவர். பயப்படத் தெரியாத ஜென்மம். அவரிடம் இருந்ததோ பன்னிரண்டு போர் சிறு துப்பாக்கி ஒன்று. அதை வைத்துக்கொண்டு யானைக்குக் கோபம் வரவழைக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது.

இரட்டைக்குழல் பெருந்துப்பாக்கி எங்கள் சக்திக்கு எட்டாது. போல்ட் துப்பாக்கி அவருக்கு ஒத்துவராது, ஏனென்றால் அவர் இடதுகைக்காரர், போல்ட்டின் பிடி வலப்பக்கம் இருக்கும். மிச்சம் இருப்பது ஒற்றைக்குழல். ஒரு தோட்டா போட்டுச் சுட்டபின், அடியில் இருக்கிற நெம்பைத் தள்ளினால் குழலின் பின்வாயை மூடியிருக்கிற பூட்டு கீழே இறங்கும், சுட்ட தோட்டாக்கூடு வெளியே வரும், அடுத்ததைப் போடலாம். எந்தக் கைக்கும் பொருந்தும். ஆனால் யானை முதல் குண்டில் விழாவிட்டால், அடுத்த தோட்டா உள்ளே போகிறவரைக்கும் மாப்பிள்ளை அதன் முன்னால் வெறுங்கையோடு நிற்கிற மனுஷன்தான்.

"அண்ணா, நீ போய்ப் பாத்து எடுத்துட்டு வா" என்றாள் தங்கை. "நீ கழட்டிப் பாத்து நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் நான் அவரை அனுப்புவேன். இல்லேன்னா கலெக்டரே வந்து சுட்டுக்கட்டும்."

தோட்டத்து ஸ்டோர் என் பொறுப்பு. துரைகளின் துப்பாக்கிகளைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டுவது பல வருஷமாக என் வேலை. சுடுவதில் எனக்கு ஆசை இருந்ததில்லை. மாப்பிள்ளையோ தோட்டத்தை விட்டு இறங்க முடியாது, லயத்துக் கூலி ஜனங்கள் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். லைசென்ஸ் காகிதங்களை வாங்கிக்கொண்டு நான் கிளம்பினேன்.

விழுப்புரத்தில் இறங்கியதும் முகத்தில் அறைந்த வெயிலைப் பற்றி ஒரு பக்கம் திட்டி எழுதலாம், விட்டுவிடுகிறேன். மலையில் அட்டை கடிக்கிறதே என்று அலுத்துக்கொண்டவன் நான். இங்கே ஒரு மணி நேரம் நின்றதும் அட்டையே தேவலை என்று தோன்றிவிட்டது. ஜங்ஷன் என்பதால் எப்போது பார்த்தாலும் ஏதோ ஒரு வண்டி கரியைத் துப்பிக்கொண்டு நிற்கிறது. ஸ்டேஷன் வாசல் கிளப்பில் இட்லி சாப்பிட்டேன். சட்னி மல்லாட்டை சட்னி. நிலக்கடலைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். எனக்குச் சாப்பாட்டில் குறை சொல்லாமல் இருக்க முடியாது, ஆனால் அந்தச் சட்னியில் ஒன்றும் கிடைக்கவில்லை.

துப்பாக்கிக் கடை பஜாரில் இருந்தது. கடைக்காரர் கோட்டக்குப்பத்துக்காரர், எல்லோருக்கும் பாய். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் இருந்தவரை அங்கே கடை வைத்திருந்தாராம். அவன் கப்பல் ஏறி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது, இவரும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். நான் கேட்டதும் உள்ளேயிருந்து கோணி சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். ஐந்நூற்று எழுபத்தேழு போர். குழல் வாயில் என் கட்டைவிரல் போய்விடும் போலிருந்தது.

நான் குழலை வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணை வைத்தேன். உள்ளே அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி துருக்குழிகள்.

"உள்ளே பாக்காதீங்க சார், வெளியே பாருங்க" என்றார் பாய்.

"குண்டு உள்ளேயிருந்துதானே வரும்?"

"அதுவும் சரிதான்" என்று துப்பாக்கியை வாங்கித் திரும்பக் கோணியில் சுற்றினார். கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கி. இப்போதைய மருந்தைப் போட்டால் குழல் வெடித்துச் சுடுகிறவன் முகம் போய்விடும். அவரே அதைச் சொல்லிவிட்டார், நல்ல மனுஷன். யாருக்காக வாங்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். டீ வரவழைத்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"திண்டிவனத்துல ஒண்ணு கீது சார். ஐந்நூறு போர். குழல் கண்ணாடி மாதிரி இருக்கும். மிராசுதார் ஒருத்தர் வீட்ல. அவரு மவுத் ஆயி எட்டு வருஷம் இருக்கும், அந்தம்மா விக்கணும்ன்றாங்க. எங்கிட்டயும் சொன்னாங்க. நான் எடுக்கல."

"ஏன்?"

"கல்வராயன் மலையில காட்டெருமை குத்திச் செத்தாரு. அந்தத் துப்பாக்கி கையில இருக்கச்சொல்லோ. நான் மூடநம்பிக்கைக்காரன் இல்ல சார். ஆனா மூணு பேருக்கு வித்தா மூணு பேரும் எங்கிட்ட வந்து இன்னா ஆச்சுன்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது. தெரியாத சாமானை நான் விக்கிறதில்ல."

மறுநாள் காலை திண்டிவனம் பஸ். டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. அதனால் என்ஜின் சூடு முழுவதும் என் முழங்காலுக்கு. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் முன்பக்கம் ஆவி பறக்க வண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, யாரையும் பார்க்காமல் பீடி பற்ற வைத்தார். கண்டக்டர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். நாங்கள் எல்லோரும் புளியமரத்தடியில். பேஜாரு, பேஜாரு என்று ஒரு பெரியவர் மந்திரம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் அவித்த மல்லாட்டையைக் கூடையிலிருந்து அள்ளி எல்லோருக்கும் போட்டார். எங்கள் மலைப் பாதையில் பஸ் நின்றால் ஜனங்கள் சாமியைக் கூப்பிடுவார்கள். இங்கே கடலை உரிக்கிறார்கள்.

என் பக்கத்தில் நான் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த காலித் துப்பாக்கி உறை கிடந்தது. அது என்ன என்று கேட்டார்கள். நான் மிராசுதார் வீட்டைச் சொன்னேன். அவ்வளவுதான், கடலை உரிப்பது நின்றுவிட்டது.

"அந்தத் துப்பாக்கியா?" என்றார் பேஜாரு பெரியவர். "ஆளு கூட இருந்தான் பாருங்க, கோவிந்தன்னு. தோட்டா எடுத்துக் குடுக்கிறவன். எருமை திரும்பிச்சு, இவன் ஓடிட்டான். எஜமான் அடுத்த தோட்டாவுக்குக் கை நீட்டிக்கினு நின்னுக்கினே செத்தாரு."

"நீங்க பாத்தீங்களா?"

"ஊரே சொல்லுது. ஓடிப்போன கோவிந்தன்னாத்தான் அவனைத் தெரியும். இப்ப விழுப்புரம் மண்டியில மூட்டை தூக்கறான். ஓடின காலு, மூட்டை தூக்குது."

சிலர் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. துப்பாக்கியில் குறையில்லை, ஆளில்தான் குறை என்றால் எனக்கு வேலை சுலபம். மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்க நல்ல ஆள் எங்கள் காட்டில் இருக்கிறான்.

மிராசுதார் வீட்டு அம்மாளுக்கு ஐம்பதை ஒட்டி வயது. வெள்ளைப் புடவை, நிமிர்ந்த முதுகு, தணிந்த குரல். குத்தகை நிலத்தை அவரே பார்த்துக்கொள்கிறார் என்று வாசலில் காத்திருந்தவர்களைப் பார்த்ததும் புரிந்தது. என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தபின் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டார். வயசு என்ன, குழந்தைகள் எத்தனை, பதட்டக்காரரா, நிதானக்காரரா. பெண் கொடுக்கிறவர்கள் கேட்கிற கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவியை எடுத்தார்.

துப்பாக்கியைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. குழலுக்குள் ஒரு புள்ளி இல்லை. நெம்பு வெண்ணெயாக இறங்கியது. மரக்கட்டை அக்ரூட் மரம், என் தோளுக்கே பொருந்தியது. குழல் மேலும் பூட்டின் மேலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"ஆயுத பூசைக்கு வச்சது" என்றார் அம்மாள். "அவரு இருந்தப்பவும் நான்தான் வைப்பேன். அவரு போயும் ஒரு வருஷம் விடல."

எங்கள் ஸ்டோரிலும் தராசுக்கு, லாரிக்கு, மண்வெட்டிக்கு எல்லாம் வைப்போம். நானே வைப்பேன். அதனால் அதை நான் இரண்டாவது தடவை பார்க்கவில்லை.

சுடாத தோட்டா ஒன்றைப் போட்டு, நெம்பைத் தள்ளி, எடுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் இதை வைத்து எதையும் சொல்ல முடியாது. சுடாத தோட்டா தானாகவே வரும். சுட்டபின் சூட்டில் கூடு பெருத்துக் குழலை இறுக்கிப் பிடிக்கும், அதை இழுத்துப் போடுவதற்கென்று குழலின் பின்வாயோரத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. அந்தக் கொக்கி வேலை செய்கிறதா என்பது சுட்டால்தான் தெரியும். சுட்டுப் பார்க்கவேண்டும் என்றேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டு, ஒலக்கூர் பக்கத்தில் தண்ணீர் வற்றிய ஏரி ஒன்றுக்கு என்னைத் தன் வில்வண்டியில் அனுப்பினார்.

கரையோரம் மொட்டையாக நின்ற ஒரு பனையைக் குறிவைத்தேன். சத்தத்தில் வண்டிமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. என் தோள் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். பனையில் தேங்காய் அளவுக்குப் பள்ளம். எனக்கு ஒரே சந்தோஷம். நெம்பைத் தள்ளினேன்.

பூட்டு இறங்கியது. கூடு வரவில்லை.

இன்னொரு தடவை தள்ளினேன். விரல் நகத்தால் இழுத்தேன். பேனாக்கத்தியை விட்டு நெம்பினேன். கூடு பின்வாயில் பித்தளை பளபளக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. வண்டிக்காரர் மாட்டைத் தேடிப் பிடித்துத் தண்ணீர் காட்டித் திரும்பிவரும்வரை நான் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் முன்வாய் வழியாகத் துடைக்கிற கம்பியை விட்டு இடித்துத் தள்ளித்தான் அது வெளியே விழுந்தது. என் முன்னால் நின்றது பனைமரம், அதனால் நான் உயிரோடு இருந்தேன். மாப்பிள்ளை அந்த இடத்தில் நின்று பேனாக்கத்தியைத் தேடுவதை நினைத்துப் பார்த்தேன்.

திரும்பி வந்து, கழற்றிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் அம்மாளிடம் சொன்னேன். மிராசுதாரின் அறையைத் திறந்துவிட்டார். மேஜை மேல் துணியை விரித்துப் பூட்டை வெளியே எடுத்தேன். கொக்கியில் உடைசல் இல்லை, தேய்மானம் இல்லை. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில்தான் ஏதோ அடைத்திருந்தது. ஊசியால் சுரண்டினேன். மஞ்சள் தூள் உதிர்ந்தது. கீழே சிவப்பு, அதன் கீழே மறுபடியும் மஞ்சள். கல்லாக இறுகியிருந்தது. ஒரு மயிரிழை அளவுக்குக் கொக்கியை அது தள்ளி வைத்திருந்தது. அந்த மயிரிழை போதும், கொக்கி கூட்டின் விளிம்பைப் பிடிக்காமல் வழுக்கிவிடும்.

பூட்டின் மேல் பொட்டு வைக்கும்போது விரலை அழுத்தினால் ஈரச் சந்தனம் இடுக்கு வழியாக உள்ளே போகும். வருஷத்துக்கு ஒரு தடவை, பக்தியாக அழுத்தி.

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். மேலே சுவரில் மிராசுதார் படமாக இருந்தார். அந்தப் படத்துக்கும் சந்தனப் பொட்டு.

அம்மாள் வந்து நிலைப்படியில் நின்றார். "இன்னா தம்பி, எப்படிக் கீது?"

துணியை மடித்துச் சுரண்டலை மூடினேன். "நல்லாச் சுடுதும்மா. இன்னும் ஒண்ணு மட்டும் பாக்கணும். ரெண்டு நாள்ல வந்துடறேன்."

"துப்பாக்கி மேல குத்தம் இல்ல" என்றார். "எல்லாரும் அதைச் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். பின்னாடி நின்னவன் ஓடிட்டான். எங்க வூட்டு சோத்தைத் தின்னவன். அவன் பொண்ணு கல்யாணம் நிக்குதாம், நிக்கட்டும். உங்க மாப்பிள்ளைக்குப் பின்னாடி நிக்கிறவன் யாருன்னு பாத்துக்கங்க. அது போதும்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார். கத்திரிக்காய் கொத்சும் மல்லாட்டைத் துவையலும் இருந்தன. நல்ல சமையல் என்று தெரிந்தது, இறங்கவில்லை. மலைக்காரருக்கு நம்ம சாப்பாடு பிடிக்கல போல என்று அம்மாள் வருத்தப்பட்டார்.

பள்ளத்தைச் சுத்தம் செய்துவிட்டேன், அப்புறம் விழுப்புரம் போய் அந்தக் கோவிந்தனைப் பார்ப்பானேன் என்று கேட்கலாம். நான் எடுத்தது எட்டு வருஷத்துச் சந்தனம். அன்றைக்கு மலையில் மிராசுதாரைக் கைவிட்டதும் இதுதானா, இல்லை வேறு ஒரு குறை உள்ளே இருக்கிறதா? இன்னொரு குறை இருந்தால் அது என் தங்கை புருஷன் உயிரோடு விளையாடும். அதைத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

மண்டியில் மல்லாட்டை மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. தூசியில் மூச்சு முட்டியது. கோவிந்தன் எங்கே என்று கேட்டேன். எந்தக் கோவிந்தன், ஓடிப்போனவனா என்று கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டினார்கள். அவர் நிழலில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். திண்டிவனத்துத் துப்பாக்கி என்றதும் திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"வாங்காதீங்க சார்" என்றார் எடுத்த எடுப்பில்.

"ஏன்?"

"ராசியில்ல."

"ராசி இருக்கட்டும். கூடு வெளியே வந்துச்சா, வரலையா?"

அவர் கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தார்.  நான் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னேன், தங்கையைப் பற்றிச் சொன்னேன், ஏரியில் நடந்ததைச் சொன்னேன். பிறகு துணியிலிருந்து காகிதத்துக்கு மாற்றி எடுத்துவந்திருந்த அந்த மஞ்சள் சுரண்டலைப் பிரித்துக் காட்டினேன்.

"கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றார். அவர் குரலில் ஆச்சரியம் இல்லை, சலிப்புதான் இருந்தது.

"அன்னைக்கும் இதுதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்ல. நல்ல துப்பாக்கி சார் அது. மொத குண்டு எருமைக்குப் பட்டுச்சு. அது உழுவல, திரும்பிச்சு. எஜமான் நெம்பைத் தள்றாரு, தள்றாரு, கூடு வரல. நான் பக்கத்துல அடுத்த தோட்டாவை நீட்டிக்கினே நிக்கறேன். அவரு வாங்கல. எப்படி வாங்குவாரு? உள்ளே பழசு கீது. ஓடுறா கோவிந்தான்னாரு. நான் ஓடல சார். தோட்டாவை நீட்டிக்கினேதான் நின்னேன். எருமை அவரைத் தூக்கிக்கினு என் பக்கமே போச்சு. என் மேல ஒரு கீறல்கூட இல்ல. அதான் ஊரு நம்பல."

அவரே மேலும் சொன்னார்: "அப்புறம் கத்தியை உட்டுக் கூட்டைத் தோண்டி எடுத்தேன். மருந்து வாசனைதானே வரணும்? சந்தன வாசனை வந்துச்சு. பூசை முடிஞ்ச நாலாம் நாள்தான் மலைக்குப் போனோம். பொறப்படச்சொல்லோ அந்தம்மா மறுபடியும் ஒருவாட்டி வச்சாங்க. நல்லா அழுத்தி."

"இதைச் சொல்லியிருக்கலாமே, கோவிந்தன்."

"யாருகிட்ட? சொன்னா அந்தம்மா காதுக்குப் போவாதா? கெணத்துல உழுந்திருப்பாங்க. என்னைத் திட்டிக்கினு உசுரோட கீறாங்க. இருந்துட்டுப் போவட்டும்."

"உங்க பொண்ணுக்கு..."

"ரெண்டு எடத்துல வந்து கேட்டுட்டு, ஓடிப்போனவன் வூடான்னு திரும்பிட்டாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "நீங்க சுத்தம் பண்ணிட்டீங்க இல்ல, எடுத்துக்கினு போங்க. அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க சார்."

சொல்லமாட்டேன் என்றேன்.  எனக்கு அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது. அதைச் செய்யாமல், மீதிக் கூழைக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மறுபடியும் ஒலக்கூர் ஏரி, அதே மொட்டைப் பனை. இந்தத் தடவை வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தூரத்தில் கட்டிவிட்டார், புத்திசாலி. சுட்டேன். நெம்பைத் தள்ளியதும் கூடு துள்ளி என் காலடியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கூடுகள் மூன்றையும் சூட்டோடு பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். தங்கைக்குக் காட்டவேண்டும்.

அம்மாளிடம் இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மூன்று நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். காகிதங்களில் கையெழுத்தானதும், இருங்கள் என்று உள்ளே போய்க் கிண்ணத்தோடு வந்தார்.

"ஆனை முன்னாடி நிக்கப் போறாரு உங்க மாப்பிள்ளை. வெறுமனே எப்படி அனுப்பறது?"

ஈரச் சந்தனம். குழலின் மேல் ஒன்று வைத்தார்.  வண்டியில் உட்கார்ந்து துடைத்துக்கொள்ளலாம், கழற்றி எண்ணெய் போட்டுக்கொள்ளலாம், எல்லாம் எனக்குத் தெரியும். கோவிந்தனுக்குக் கொடுத்த வார்த்தையும் நினைவில் இருந்தது. அம்மாள் மறுபடியும் கட்டைவிரலைக் கிண்ணத்தில் தோய்த்துப் பூட்டின் இடுக்குக்கு நேராகக் கொண்டுபோனார். அங்கே என் கண்ணுக்கு மாப்பிள்ளைதான் தெரிந்தார்.

"அங்க வேண்டாம்மா" என்றது என் வாய். "மரத்துல வைங்க."

"ஏன் தம்பி? எப்பவும் இங்கதானே வைப்பேன்."

பதில் சொல்ல எனக்கு எத்தனையோ பொய் இருந்தது. எண்ணெய் போட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண் பூட்டை விட்டு நகரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு பூட்டைப் பார்த்தார். துப்பாக்கிக்காரர் வீட்டில் முப்பது வருஷம் வாழ்ந்தவர். நெம்பைத் தானே தள்ளினார். பூட்டு இறங்கியது. நான் சுரண்டிச் சுத்தம் செய்திருந்த பள்ளம் புதுசாகப் பளபளத்தது. சுற்றியிருந்த மற்ற இடமெல்லாம் பழுப்பு. அவர் விரல் சந்தனத்தோடு அப்படியே நின்றது.

"கூடு வரலையா, அவருக்கு?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். 

"கோவிந்தனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. விரலைப் புடவையில் துடைத்தார். துடைத்தபின்னும் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த நிமிஷம் என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அம்மாள் தண்ணீரை வாங்கவில்லை.

"வண்டி கட்டச் சொல்லு" என்றார் அந்தப் பெண்ணிடம். "விழுப்புரம் போவணும்."

பஸ்ஸில் போகலாமே என்று நான் சொன்னதற்கு, அதில் எல்லோரும் பேசுவார்கள் என்றார். எழுந்து, துப்பாக்கியை அவரே உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். குழலில் வைத்திருந்த ஒற்றைப் பொட்டையும் அழித்திருந்தார்.

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. பொட்டு விஷயத்தைத்தான் சொல்லச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தலையாட்டினேன். படியிறங்கும்போது மறுபடியும் கூப்பிட்டார். "ஆனை உழுந்தா ஒரு கார்டு போடுங்க."

வில்வண்டி விழுப்புரம் ரோட்டில் எனக்கு முன்னால் போனது. என் பஸ் அதைத் தாண்டியபோது திரும்பிப் பார்த்தேன். திரை போட்டிருந்தது. கோவிந்தனை அவர் பார்த்தாரா, என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. மண்டிக்குப் போய் நிற்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போய் வண்டி ஏறிவிட்டேன்.

தோட்டத்துக்கு வந்த மூன்றாம் வாரம் கொம்பன் நீரோடைப் பக்கம் இறங்கியது. மாப்பிள்ளை போனார். நானும் பின்னால் போனேன், தோட்டா நீட்டுகிற ஆளாக. வேறு யாரையும் விட எனக்கு மனசு வரவில்லை. முதல் குண்டு நெற்றியில் தள்ளிப் பட்டது. யானை உட்காருவதுபோல் தாழ்ந்து, எழுந்து, எங்களைப் பார்த்து வந்தது. மாப்பிள்ளை நெம்பைத் தள்ளினார். கூடு துள்ளி விழுந்தது. நான் நீட்டியதை அவர் வாங்கிப் போட்டார். இரண்டாவது குண்டில் அது விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து அது துதிக்கையை நீட்டியிருந்தால் எங்களுக்கு எட்டியிருக்கும்.

அன்று சாயங்காலமே தபால் கார்டு எடுத்து உட்கார்ந்தேன். 'யானை விழுந்தது, மாப்பிள்ளை சுகம், நானும் சுகம், தங்கை உங்களுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள்' என்று எழுதினேன். கார்டில் இன்னும் பாதி இடம் மிச்சம் இருந்தது. எத்தனையாவது குண்டில் விழுந்தது என்பதை எழுதாமல் தபாலில் போட்டுவிட்டேன்.